கில்பார்கன் நெசவு: மண்தரைத் தறியறை, டார்டன் கட்டக் கணக்கு – சில சந்தேகங்கள்

மண்வாசல் எழுதியது:

ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷயரில், பெய்ஸ்லி நகரத்துக்கு மேற்கே கில்பார்கன் என்றொரு சின்ன ஊர். வாசல் நிலைக்கு மேலே கல்லில் 1723 என்று வெட்டிய நெசவாளர் வீடு ஒன்று அங்கே இன்னும் தறியோடு இருக்கிறது. கைத்தறிப் பயிற்சி மாணவர்களுக்கு அந்த வீட்டையும் அந்த ஊரின் டார்டன் (பல நிறக் கட்டம் போட்ட ஸ்காட்டிஷ் துணி) நெசவையும் வைத்து ஒரு பாடம் தயாராகிறது. பேச்சோடு நிறுத்தாமல், 4 விழுதுச் சட்டம் (நீளவாட்டு நூலான பாவு இழைகளை விழுதுக் கண்ணிகளால் தூக்கி இறக்கும் சட்டம்) உள்ள தறியில் கம்பளி டார்டன் துண்டு ஒன்று நெய்து காட்டவும் திட்டம். நாலு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வீட்டில் தறி இருப்பது கீழ்த்தளத்தில், மண்தரை மேல். லினன் நூலுக்கு ஈரம் வேண்டும், அதனால்தான் என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சரி, ஆனால் பிற்காலத்தில் அதே மாதிரி அறைகளில் கம்பளி டார்டன் நெய்திருக்கிறார்களே? கம்பளிக்கும் ஈரம் நல்லதுதானா?

அடுத்தது நூல் கணக்கு. எடுத்துக்கொண்ட கட்டம் இது: சிவப்பு 8, பச்சை 24, கருப்பு 12, நீலம் 16. எந்தக் குலத்தின் டார்டனும் இல்லை, பாடத்துக்காகப் போட்டது. சிவப்பிலும் நீலத்திலும் திரும்பும், அதாவது அங்கிருந்து நிற வரிசை பின்னோக்கிப் போகும். அச்சில் (பாவு இழைகளைச் சீராகப் பிரித்து நிறுத்தும் பல் வைத்த சீப்பு) அங்குலத்துக்கு 24 இழை, அகலம் 28 அங்குலம். கழுவி முடித்த துணி 4 மீட்டர் வேண்டும். நிறவாரியாக எத்தனை மீட்டர் நூல் எடுத்து வைக்க வேண்டும்?

மூன்றாவதுதான் தலைவலி. ஒரு முழம் மாதிரி நெய்து, கழுவி, தேய்த்துப் பார்த்தால் ஒரு முழுக் கட்டம் அகலத்தில் 9.4 சென்டிமீட்டர், உயரத்தில் 8.2 சென்டிமீட்டர். சதுரம் இல்லை, அமுங்கின மாதிரி இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் கடைசி இழை ஊடையில் (குறுக்கே போகும் நூல்) சிக்காமல் நூலாகவே தொங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் விழுதில் தப்பு எனலாம், இரண்டு பக்கமுமா?

கடைசியாக, பழைய ஸ்காட்டிஷ் குறிப்பு ஒன்றில் "900 அச்சு" என்று வருகிறது. 900 எதன் எண்ணிக்கை?


பழையதறி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான். மற்றதை நாலுமிதியும் நூல்கணக்கும் பார்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஈரம் எல்லா நூலுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. லினனும் பருத்தியும் நனைந்தால் வலுக்கூடும். கம்பளியும் பட்டும் நனைந்தால் வலுக்குறையும். லினனுக்கு இன்னொரு குணம், அதற்கு நீட்டமே கிடையாது. 2, 3 சதவீதம் இழுபட்டாலே அறும். விழுது ஏறும்போது ஒவ்வொரு இழையும் கொஞ்சம் இழுபடத்தான் செய்யும்; காய்ந்த லினன் அங்கேயே போய்விடும். கம்பளி 25 சதவீதத்துக்கு மேல் நீண்டு கொடுக்கும், அதனால் அது அறையின் ஈரத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாது.

ஆக, கீழ்த்தள மண்தரை அறை லினனுக்காக அமைந்தது. பின்னால் பருத்தியின் மெல்லிய ரகங்களுக்கும் அது பொருந்தியது. டார்டன் வந்தபோது அறை ஏற்கெனவே இருந்தது, தறியும் இருந்தது, அவ்வளவுதான். கம்பளிக்கு மிதமான ஈரக்காற்றால் ஒரே நன்மை: நூலில் மின்னேற்றம் நிற்காது, பஞ்சு சிலும்பாது. தரை நனைந்திருக்கும் அளவு ஈரம் அதற்குத் தேவையே இல்லை. பாடத்தில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "டார்டனுக்கு ஈரத்தரை அவசியம்" என்று மாணவர்கள் தறிக்கடியில் தண்ணீர் ஊற்றிவிடப் போகிறார்கள்.

ஈரம் மட்டும்தான் காரணம் என்பதும் பாதி உண்மை. தறி அடிக்கிற அடியில் மரத்தளம் அதிரும், மண்தரை அந்த அதிர்வைக் குடித்துவிடும். மிதிகட்டை இறங்க இடம் வேண்டும் என்றால் மண்ணில் குழி வெட்டிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் கீழ்த்தளத் தறியறைகளில் அது சகஜம். நம் குழித்தறி மாதிரி என்று உடனே எழுதிவிடாதீர்கள். நம்மூரில் நெசவாளரே குழி விளிம்பில் உட்கார்ந்து கால் தொங்கவிடுவார். அங்கே தறிச் சட்டத்திலேயே உட்காரும் பலகை உண்டு. குழி மிதிக்கு மட்டும். பிறகு, வீடு. குடும்பம் மேலே, தொழில் கீழே. நிலம் சரிவாக இருந்தால் கீழ்த்தளத்தின் ஒரு பக்கம் வெளியே திறந்து வெளிச்சமும் கிடைக்கும். தறி சன்னலை ஒட்டியே நிற்கும், இல்லாவிட்டால் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது.

அந்த வீட்டின் கூரையையும் கவனிக்கச் சொல்லுங்கள். இயற்கையாக வளைந்த மரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சுவரோடு நிறுத்தி, அந்த வளைவுகள் மேல்தான் கூரை உட்கார்ந்திருக்கிறது. பாரம் சுவரில் இல்லை, மரத்தில். 1950-களில் அந்த வீடு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது.

ஊரின் கதை சுருக்கமாக: 18-ஆம் நூற்றாண்டில் லினன், பிறகு பெய்ஸ்லி, கிளாஸ்கோ வியாபாரிகள் கொடுத்த பருத்தி, பட்டு வேலை, பிறகு கம்பளி டார்டன். 1830-களில் சுமார் 800 கைத்தறி ஓடியதாகக் கணக்கு. விசைத்தறி வந்ததும் முதலில் போனது சாதாத் துணி. டார்டன் பிழைத்ததற்குக் காரணம் பாசம் இல்லை, கணக்கு. ஒரே கட்டத்தில் நாலைந்து நிறம், ஒவ்வொரு சில ஊடைக்கும் நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் கருவி) மாற்றம், ஒரு கட்டத்துக்குச் சின்ன ஆர்டர். இதற்கு விசைத்தறியை மாற்றி மாற்றி அமைப்பதைவிடக் கைத்தறிக்காரரிடம் கொடுப்பது லாபம். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அந்த ஊரில் கைத்தறி தாக்குப்பிடித்தது அதனால்.

ஒரு எச்சரிக்கை. பெய்ஸ்லி சால்வை என்றதும் நம் கண்ணுக்கு வருகிற மாங்காய் வடிவம், காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து அங்கே போனது. அதன் உயர் ரகத்துக்கு ஜக்கார்டு (பூ வேலைக்குப் பாவு இழைகளைத் தனித்தனியே தூக்கும், தறிக்கு மேல் நிற்கும் கருவி) வேண்டும். ஜக்கார்டுக்குத் தலைக்கு மேல் நல்ல உயரம் வேண்டும். தாழ்ந்த கீழ்த்தள அறையில் ஓடியது மிதித்தறி. இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் குழப்பாதீர்கள், இணையத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

லினன் காலத்துக் கஞ்சியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். நம் ஊரில் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவோம். அங்கே மழைக்குப் பயந்து தறியிலேயே போட்டார்கள். விழுதுக்குப் பின்னால், பாவு உருளைவரை தெரிகிற நீளத்துக்கு மட்டும் மாவுக் கூழைத் தூரிகையால் தேய்த்து, விசிறி காயவைத்து, மேலே லேசாகக் கொழுப்பு தடவி, அதை நெய்து முடித்த பிறகு அடுத்த நீளம். கோடையில் கஞ்சி சீக்கிரம் காய்ந்து நூல் விறைத்துவிடும் என்று, ஹெர்ரிங் மீன் ஊறவைத்த பழைய உப்புநீரைக் கொஞ்சம் கூழில் கலப்பது உண்டு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அறை எப்படி மணத்திருக்கும் என்பதை மாணவர்கள் கற்பனைக்கு விட்டுவிடலாம்.


நாலுமிதி எழுதியது:

மூன்றாவது கேள்வி. ஓரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது ஒரு நிமிட வேலை.

இழை 1-2-3-4 என்று நேராகக் கோத்திருக்கிறீர்கள், மிதி வரிசை 1+2, 2+3, 3+4, 4+1 என்று வைத்துக்கொள்கிறேன். மிதித்த சட்டம் மேலே எழும் தறி. இடது ஓர இழை 1-ஆம் சட்டத்தில், வலது ஓர இழை 4-ஆம் சட்டத்தில். ஓர இழை ஊடையில் சிக்க வேண்டுமானால், அந்தப் பக்கம் நாடா திரும்பும்போது அந்த இழை ஒரு ஊடையில் மேலேயும் அடுத்ததில் கீழேயும் இருக்க வேண்டும்.

முதல் ஊடையை இடமிருந்து வலம் விட்டால் என்ன ஆகிறது பாருங்கள். வலது ஓரத்தில் நாடா திரும்புவது 1+2-க்கும் 2+3-க்கும் நடுவே. 4-ஆம் சட்டம் இரண்டிலும் கீழேதான், சிக்காது. அடுத்த முறை அங்கே திரும்புவது 3+4-க்கும் 4+1-க்கும் நடுவே. இரண்டிலும் மேலே, மறுபடி சிக்காது. இடது ஓரத்தில் 2+3-லிருந்து 3+4-க்குப் போகும்போது 1-ஆம் சட்டம் இரண்டிலும் கீழே; 4+1-லிருந்து 1+2-க்குப் போகும்போது இரண்டிலும் மேலே. இரண்டு பக்கமும் தொங்குவது இதனால்தான். விழுதில் தப்பே இல்லை.

மருந்து: முதல் ஊடையை வலமிருந்து இடம் விடுங்கள். இடது திருப்பத்தில் 1-ஆம் சட்டம் மேலிருந்து கீழே போகும், வலது திருப்பத்தில் 4-ஆம் சட்டம் கீழிருந்து மேலே வரும். இரண்டும் சிக்கும். ஓரத்தில் தனி இழை தொங்கவிட்டு நாடாவை மேலும் கீழுமாகச் சுற்றுகிற வித்தையெல்லாம் தேவையில்லை. அது கையை மெதுவாக்கும்.

இந்த ஒழுங்கு கடைசிவரை நிற்க ஒரே நிபந்தனை, ஒவ்வொரு நிறமும் இரட்டைப்படை ஊடையாக இருக்க வேண்டும். எங்காவது ஒரு ஊடை கூடிவிட்டாலோ குறைந்தாலோ அங்கிருந்து இரண்டு ஓரமும் மறுபடி அவிழும். உங்கள் கட்டம் 8, 24, 12, 16. எல்லாம் 4-ஆல் வகுபடுகிறது, ஒவ்வொரு நிறமும் அதே மிதியில், அதே பக்கத்தில் தொடங்கும். தெரிந்தே போட்டீர்களோ தெரியாமலோ, நல்ல கட்டம். ஒரு பக்கம் மட்டும் டிராப் பாக்ஸ் (வேறு வேறு நிற நாடாக்களை வைக்கும், ஏறி இறங்கும் பெட்டிகள்) உள்ள தறிக்கும் இதே விதிதான்: போன நாடா வந்த பெட்டிக்கே திரும்பினால்தான் அடுத்த பெட்டி இறங்க முடியும்.

இப்போது கட்டம். உங்கள் அளவிலேயே பதில் இருக்கிறது. 96 இழை 9.4 சென்டிமீட்டரில் என்றால் அங்குலத்துக்கு 26. அதே 96 ஊடை 8.2 சென்டிமீட்டரில் என்றால் அங்குலத்துக்கு கிட்டத்தட்ட 30. ஊடை நெருங்கிவிட்டது. சாய்வரிக் கோட்டை (இந்த நெசவில் துணிமேல் சாய்வாக ஓடும் வரி) ஒரு கோணமானியால் பாருங்கள், 45 பாகை இருக்க வேண்டியது 41-க்குப் படுத்திருக்கும்.

அடி பலமா, அச்சு அகலமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த நூலை ஒரு அளவுகோலில் ஒட்டி ஒட்டி, நெருக்காமல் சுற்றுங்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை சுற்று? அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தச் சாய்வரிக்கு அங்குல இழை. சாதா நெசவானால் பாதி. காரணம் எளிது: சாதாவில் ஒவ்வொரு இழைக்கும் நடுவே ஊடை ஒரு முறை மேலும் கீழும் மாறும், 2 இழைக்கு 2 மாற்றம். சாய்வரியில் 4 இழைக்கு 2 மாற்றம்தான், அதனால் இழை இன்னும் நெருங்கி உட்கார இடம் உண்டு. எத்தனை சுற்று என்று சொல்லுங்கள், மேலே பேசலாம்.


நூல்கணக்கு எழுதியது:

அச்சிலிருந்து தொடங்குகிறேன். ஸ்காட்டிஷ் முறையில் அச்சின் எண் என்பது 37 அங்குலத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை. 37 அங்குலம்தான் அவர்கள் பழைய முழக்கோல். 900 அச்சு என்றால் 900-ஐ 37-ஆல் வகுக்க, அங்குலத்துக்கு 24.3 பல். பல்லுக்கு 2 இழை போட்டால் அங்குலத்துக்குச் சுமார் 49 இழை. அது லினன் அல்லது மெல்லிய பருத்திக்கான அச்சு, உங்கள் கம்பளிக்கு ஆகாது. உங்களுக்கு அங்குலத்துக்கு 12 பல், பல்லுக்கு 2 இழை. ஸ்காட்டிஷ் எண்ணில் சொன்னால் 444. பழைய குறிப்பில் "போர்ட்டர்" என்று ஒரு அளவு வந்தால் பயப்பட வேண்டாம், 20 பல்லுக்கு ஒரு போர்ட்டர்.

இனி நூல். திரும்பும் கட்டம் என்பதால் சிவப்பும் நீலமும் ஒரு சுற்றில் ஒரு முறைதான் வரும், பச்சையும் கருப்பும் இரண்டு முறை. 8 + 24 + 12 + 16 + 12 + 24 = 96. அங்குலத்துக்கு 24 என்றால் அச்சில் ஒரு கட்டம் சரியாக 4 அங்குலம். 28 அங்குலத்துக்கு 7 கட்டம், 672 இழை. சிவப்பு 56, பச்சை 336, கருப்பு 168, நீலம் 112.

பாவின் நீளம்: முடிந்த துணி 4 மீட்டர். கழுவினால் சுமார் 8 சதவீதம் சுருங்கும், ஆக 4.35 வேண்டும். நெய்யும்போது இழை வளைந்து வளைந்து போவதில் இன்னொரு 8 சதவீதம், 4.7. முன்னால் கட்டவும் பின்னால் விழுதைத் தாண்டி நெய்ய முடியாமல் நிற்கவும் 0.8 மீட்டர். மொத்தம் 5.5 மீட்டர். நிறவாரியாக: சிவப்பு 308 மீட்டர், பச்சை 1848, கருப்பு 924, நீலம் 616.

ஊடை: முடிந்த துணியில் அங்குலத்துக்கு 26 என்று உங்கள் மாதிரியே சொல்கிறது. சதுரம் வேண்டுமானால் ஊடையும் 26. 4 மீட்டர் என்பது 157.5 அங்குலம், 4095 ஊடை. ஒவ்வொன்றும் அச்சின் அகலமான 71 சென்டிமீட்டர் என்று வைத்துச் சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் சுமார் 3050 மீட்டர். இதில் பாதி பச்சை, கால் பங்கு கருப்பு, ஆறில் ஒரு பங்கு நீலம், பன்னிரண்டில் ஒரு பங்கு சிவப்பு. அதாவது பச்சை 1525, கருப்பு 765, நீலம் 510, சிவப்பு 255.

பாவையும் ஊடையையும் கூட்டி, அதன்மேல் 10 சதவீதம் வாங்கிக்கொள்ளுங்கள். சாயம் போட்ட கம்பளி இரண்டாம் முறை வாங்கினால் அதே நிறத்தில் வராது. டார்டனில் அது உடனே தெரியும், ஏனென்றால் பாவின் பச்சையும் ஊடையின் பச்சையும் குறுக்கே சந்திக்கிற கட்டம் முழுப்பச்சையாக வர வேண்டும். சாயத் தொகுதி வேறானால் அந்தக் கட்டத்துக்குள்ளேயே சாய்கோடு தனியாகத் தெரியும்.


மண்வாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் ஊடை இடமிருந்துதான் போயிருக்கிறது, மிதி வரிசையும் நாலுமிதி அண்ணன் சொன்னதேதான். அளவுகோலில் சுற்றிப் பார்த்ததில் அங்குலத்துக்கு 36. கோணமும் 41, 42 பாகைக்குத்தான் வருகிறது. கருப்புப் பட்டையில் மட்டும் ஊடை இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது, அது ஏன்? கழுவும் முறையையும் யாராவது சொன்னால் உதவி. சுடுநீரில் போட்ட இன்னொரு மாதிரி கம்பளி விரிப்பு போல மொத்தையாகிவிட்டது.


நாலுமிதி எழுதியது:

36-க்கு மூன்றில் இரண்டு 24. அச்சு சரி, கைதான் பலம்.

டார்டனில் அடிப்பது என்று நினைக்காதீர்கள், ஊடையை வைப்பது என்று நினையுங்கள். கம்பளியில் இரண்டு முறை தட்டுவது நம் பருத்திக் கை. ஒரு முறை, அதுவும் விழுது மாறின பிறகு லேசாக. நெய்யும்போது பாவு இழுபட்டு நிற்கிறது, தறியிலிருந்து எடுத்ததும் நீளவாக்கில் அது தளர்ந்து குறுகும். அதனால் தறியில் இருக்கும்போதே கட்டம் சதுரமாகத் தெரிந்தால், எடுத்த பிறகு அமுங்கிவிடும். தறியில் அங்குலத்துக்கு 22, 23 ஊடை என்று வையுங்கள், கட்டம் கொஞ்சம் நெட்டையாகத் தெரிய வேண்டும். கழுவிய பிறகு 26-க்கு வந்து உட்காரும்.

ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒரு கெட்டி அட்டையில் 96 ஊடைக்கு வரவேண்டிய நீளத்தைக் கோடு போட்டு, உள்ளே ஒவ்வொரு நிறமும் எங்கே முடிய வேண்டும் என்று குறித்து, துணி ஓரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போங்கள். 23 ஊடை கணக்குக்கு முழுக் கட்டம் 10.6 சென்டிமீட்டர். பாவைத் தளர்த்தி, ஒரே இடத்தில் வைத்து அளங்கள்; இறுக்கிக்கொண்டு அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். பெரிய சோதனை இன்னொன்று உண்டு. துணியைக் கண்ணுக்கு நேரே சாய்த்து மூலைவிட்டமாகப் பாருங்கள். சிவப்பும் சிவப்பும் சந்திக்கிற சின்னக் கட்டங்கள் ஒரே நேர்கோட்டில் 45 பாகையில் ஓட வேண்டும். எந்த இடத்தில் கோடு வளைகிறதோ அங்கே கை மாறியிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெய்த முதல் கட்டம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கருப்புக்கு: ஆழ்ந்த நிறத்துக்குச் சாயத்தில் அதிக நேரம் கொதிக்கிற கம்பளி சிலசமயம் உப்பியும் சிலசமயம் மெலிந்தும் போகும். கருப்பை மட்டும் தனியாக அளவுகோலில் சுற்றிப் பாருங்கள். 36-க்குப் பதில் 39, 40 வந்தால் அது மெல்லிய நூல், அதனால்தான் அதே அடிக்கு நெருங்கி உட்காருகிறது. அந்தப் பட்டைக்கு மட்டும் கையை இன்னும் லேசாக்குங்கள். ஊடை எண்ணிக்கையை மாற்றிச் சரிக்கட்ட வேண்டாம், ஒற்றைப்படை ஆகிவிட்டால் இரட்டைப்படை விதி அங்கே உடையும்.

நிறம் மாறும் இடத்தில் பழைய நூலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள். சிவப்பு 8 ஊடை, சின்னப் பட்டை. அதைத் தாண்டி அடுத்த நிறத்தை ஓரத்திலேயே மேலே கொண்டுபோகலாம். 24 ஊடைப் பச்சையைத் தாண்டி சிவப்பைத் தூக்கிக்கொண்டு போனால் ஓரத்தில் நீளமாக நூல் ஓடும், விரலில் மாட்டும், இழுத்தால் அகலம் சுருங்கும். கில்ட் பாவாடைத் துணியில் இதைச் செய்யவே கூடாது. கில்டின் கீழ் ஓரம் மடித்துத் தைப்பதில்லை, துணியின் ஓரமே கீழ் விளிம்பு. எல்லோர் கண்ணும் அங்கேதான் படும். அரை அங்குலத்துக்கு மேல் என்றால் வெட்டி, முனையை அடுத்த ஊடையின் வாயிலேயே (நாடா போகப் பாவு இழைகள் பிரியும் இடைவெளி) 2 சென்டிமீட்டர் திருப்பிச் செருகிவிடுங்கள். தொடக்க முனையும் முடிவு முனையும் ஒரே இடத்தில் குவியாமல் ஒன்று 2, ஒன்று 3 சென்டிமீட்டர் என்று மாற்றிச் செருகினால் ஓரம் தடிக்காது.


புணைப்பு எழுதியது:

கழுவுவது பற்றி. மொத்தையானதற்குக் காரணம் சூடு மட்டும் இல்லை. சூடு, சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால்தான் கம்பளி இறுகும். தண்ணீர் 40 பாகை செல்சியஸ், கம்பளிக்கான மென்சோப்பு, துணியை விரித்தபடி முக்கி 30 நிமிடம் சும்மா ஊறவிடுங்கள். கசக்காதீர்கள், பிழியாதீர்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். சூட்டிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்கு ஒரே தாவலில் போனாலும் கம்பளி இழைமேல் உள்ள செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு பெரிய துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, ஈரம் இருக்கும்போதே மேலே பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்ப்புப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், இழுத்தால் நேராக வந்த கட்டம் கோணும்.

சிவப்பையும் கருப்பையும் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். இரண்டு முழ நூலை வெள்ளைத் துணித்துண்டோடு சேர்த்து அதே சூட்டில் அரைமணி நேரம் ஊறவைத்தால் சாயம் இறங்குமா என்று தெரிந்துவிடும்.

பாடத்துக்கு இன்னொன்று. நெய்து முடித்ததும் விழுதுக்குப் பின்னால் மிஞ்சுகிற பாவு முனைகளை அறுத்துப் போட்டுவிடாதீர்கள். அங்கேயும் நம்மைப் போலத்தான்: பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கிப் புணைத்துவிட்டால் விழுதிலும் அச்சிலும் மறுபடி கோக்க வேண்டாம். அதே கட்டத்தை அடுத்த குழுவும் நெய்யப்போகிறது என்றால் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டலாம். லினன் என்றால் விரலில் கொஞ்சம் கஞ்சி தொட்டு முறுக்க வேண்டும். கம்பளி தானாகவே பிடித்துக்கொள்ளும்.


பழையதறி எழுதியது:

விழுது என்றதும் ஒரு இடைச்செருகல், பொறுத்துக்கொள்ளுங்கள். பெய்ஸ்லி வட்டாரத்தில் விழுதுக்குப் பட்டு நூல்தான் கட்டினார்கள், பாவு உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும் என்பதற்காக. 1806-ல் நெப்போலியனின் வணிகத்தடையால் பட்டு வரத்து முடங்கியது. பெய்ஸ்லியில் பேட்ரிக் கிளார்க் என்பவர் பருத்தி நூலைப் பட்டைப் போல வழவழப்பாக முறுக்கி விழுதுக்குக் கொடுத்தார். விழுதுக்கு உழைக்கிற நூல் ஊசிக்கும் உழைக்கும் என்று அது தையல் நூலாயிற்று. கிளார்க் குடும்பத் தொழில் 1896-ல் அதே ஊரின் கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தது. 1974-ல் அந்தக் கோட்ஸும் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை மில்லும் இணைந்ததுதான் மதுரா கோட்ஸ். தையல்காரர் கடையில் கிடக்கிற நூல்கண்டின் வம்சாவளி ஒரு தறி விழுதில் போய் முடிகிறது. மாணவர்களிடம் ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்துவிட்டு இதைச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

குல டார்டன் கேள்வி நிச்சயம் வரும். 1746-ல் வந்த சட்டம் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்களின் உடையைத் தடை செய்தது, 1782-ல் தடை நீங்கியது. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்று பெயர் ஒட்டுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்த பழக்கம். 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எல்லோருக்கும் டார்டன் தேவைப்பட்டது, நெசவாளர்களுக்கு வேலை கிடைத்தது. நீங்கள் சொந்தமாகக் கட்டம் போட்டதில் தப்பில்லை.


விழுதுகட்டி எழுதியது:

நூல்கணக்கின் பாவில் ஒரு திருத்தம். 672 இழை என்றால் இடது ஓரம் சிவப்பில் தொடங்கி, வலது ஓரம் பச்சையில் முடியும். தனித் துண்டாக மாட்டி வைத்தால் ஒரு பக்கம் சிவப்புக் கரை, மறுபக்கம் இல்லை. கண்ணுக்கு உறுத்தும். கடைசியில் சிவப்பு 8 கூட்டி 680 ஆக்குங்கள். 4-ஆல் வகுபடுகிறது, வலது ஓர இழை மறுபடி 4-ஆம் சட்டத்திலேயே விழும், நாலுமிதி சொன்ன ஓரக் கணக்கு கெடாது. 5.5 மீட்டர் வீதம் சிவப்பு 44 மீட்டர் கூடும், பாவுக்கு மொத்தம் 352. அகலம் அச்சில் 28.3 அங்குலம் ஆகும், அச்சில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


நூல்கணக்கு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், விட்டுப்போனது. ஆனால் 672-ஐயும் தூக்கி எறிய வேண்டாம். பழைய மலைநாட்டுப் போர்வை குறுகிய தறியில் நெய்த இரண்டு அகலத்தை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தது. அப்படி இரண்டு துண்டை இணைக்கப்போகிறீர்கள் என்றால் 680 உதவாது, நடுவில் 8-ம் 8-ம் சேர்ந்து சிவப்பு 16 ஆகிவிடும். அதற்கு 672-ஐ சிவப்பின் பாதியிலிருந்து தொடங்குங்கள்: முதலில் சிவப்பு 4, பிறகு பச்சை 24 என்று போய், கடைசியில் சிவப்பு 4-ல் முடியும். இரண்டு ஓரமும் மேலே ஏறாமல் முட்டவைத்துத் தைத்தால் நடுச் சிவப்பு சரியாக 8. ஊடையிலும் முதல் பட்டையைச் சிவப்பு 4 என்று தொடங்கி, இரண்டு துண்டையும் ஒரே அட்டையை வைத்து நெய்யுங்கள். ஒரு கட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் மாறினாலும், 4 மீட்டரில் வருகிற 42 கட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் நழுவிவிடும்.